பாலக்கோட்டுச் சிறுமிக்கு உண்மையான டைனோசர் எலும்பை எங்கே காட்டலாம்?

பாலக்கோட்டிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். நான்காம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு டைனோசர் என்றால் உயிர். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் டைனோசர் எலும்பு உள்ள அருங்காட்சியகம் ஏதாவது உண்டா என்பது முதல் கேள்வி. தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்தியபோது முட்டை வடிவத்தில் சில உருண்டைக் கற்களும் எலும்பு மாதிரி ஒரு வெள்ளைத் துண்டும் கிடைத்தன, அவை டைனோசருடையவையாக இருக்குமா என்பது இரண்டாவது. ‘அங்கே நிற்பதெல்லாம் பிளாஸ்டர் பொம்மைதானே, அதற்கா இவ்வளவு தூரமும் செலவும்’ என்று கணவர் கேட்கிறார், அது சரியா என்பது மூன்றாவது. மூன்றையும் சேர்த்துப் படித்தால் அவர் கேட்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. பிள்ளையை ஒரு நிஜமான டைனோசர் எலும்பின் முன்னால் நிறுத்த முடியுமா, அது நிஜம்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கே பதில் எழுதுகிறேன். நான் நிலவியல் படித்தவன். கிருஷ்ணகிரிப் பகுதி கிரானைட் குவாரிகளில் நெடுங்காலம் வேலை பார்த்தவன், பிறகு மாணவர்களுக்குப் பாடம் நடத்தியவன். பாறைகளைப் பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். டைனோசர்களைப் பற்றிச் சொல்வது படித்ததும் நேரில் பார்த்ததும்தான்; டைனோசர் எலும்பைத் தோண்டி எடுத்த கை அல்ல என் கை.

முதலில் நேரடியான பதில்: இந்த இரண்டு மாவட்டங்களிலும் டைனோசர் எலும்பு வைத்திருக்கும் அருங்காட்சியகம் இல்லை. கிருஷ்ணகிரியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, தருமபுரியில் நடுகற்களைச் சேர்த்து வைத்திருக்கும் அகழ்வைப்பகம் இருக்கிறது. இரண்டும் மனிதர்களின் கதையைச் சொல்லும் இடங்கள். நம் பகுதியின் பெருமையே அதில்தான். பர்கூர்ப் பக்கம் மயிலாடும்பாறையில் இரும்பு பயன்பாட்டில் இருந்த காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தார்கள். மகளை அங்கெல்லாம் அழைத்துப் போங்கள், ஆனால் டைனோசர் இருக்கும் என்று சொல்லி அழைத்துப் போகாதீர்கள். நான்காயிரம் ஆண்டு பழைய இரும்பு ஒரு பக்கம், கடைசி டைனோசர் அழிந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகிவிட்டது என்பது இன்னொரு பக்கம். இந்த இரண்டு காலமும் பிள்ளையின் மனத்தில் ஒன்றாகக் கலந்துவிட்டால் பிறகு பிரித்தெடுப்பது கடினம்.

நம் மண்ணில் டைனோசர் எலும்பு ஏன் இல்லை என்பதற்குக் காரணம் நம் பாறைதான். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் காலடியில் இருப்பவை பெரும்பாலும் நைஸ், சார்னோகைட், கிரானைட் வகைகள். பேரடைசோ என்ற பெயரில் கப்பலேறிப் போகும் நம் வண்ணக் கற்களும் இந்தக் குடும்பம்தான். இவற்றின் வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள். டைனோசர்கள் தோன்றியது சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அதாவது முதல் டைனோசர் பிறந்தபோதே நம் பாறைகளுக்கு 200 கோடிக்கு மேல் வயதாகிவிட்டது. ஒகேனக்கல்லிலும் சாமல்பட்டிப் பக்கத்திலும் கார்பனடைட் என்ற அரிய வகைப் பாறை வெளித்தெரிகிறது; ஒகேனக்கல்லில் உள்ளதற்குச் சுமார் 240 கோடி ஆண்டு வயது கணக்கிட்டிருக்கிறார்கள். வயது மட்டும் காரணம் அல்ல. இந்தப் பாறைகள் பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், எலும்பு எதுவும் தாங்காத வெப்பத்தில் உருவானவை. எலும்பு கல்லாக மாற வேண்டுமானால் அதன்மேல் சேறும் மணலும் படிந்து மூட வேண்டும், அந்தப் படிவு கலையாமல் பாறையாக இறுக வேண்டும். அப்படிப்பட்ட டைனோசர் காலத்துப் படிவுப் பாறை இங்கே கிடையாது. இது உறுதியான செய்தி, இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

அப்படியானால் டைனோசர்கள் தருமபுரியில் நடமாடவே இல்லையா என்று உங்கள் மகள் கேட்பாள். என்னிடம் படித்த பிள்ளைகள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். இதற்கு ‘இல்லை’ என்று சொல்லிவிடக் கூடாது. கிழக்கே அரியலூர்ப் பக்கம் அப்போது கடற்கரை இருந்தது, மேற்கே நாம் இருக்கும் பக்கம் நிலமாக இருந்தது. நிலத்தில் வாழும் விலங்கு இங்கேயும் வந்திருக்கலாம், மேய்ந்திருக்கலாம். அந்தக் காலத்து மேற்பரப்பு மழையிலும் ஆற்றிலும் கரைந்து போய்விட்டது, சாட்சி மிஞ்சவில்லை. நடந்திருக்கலாம், காட்டுவதற்குச் சான்று இல்லை என்பதுதான் நேர்மையான பதில். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இந்த வேறுபாடு புரியும், பெரியவர்களுக்குத்தான் சில நேரம் புரிவதில்லை.

இப்போது உங்கள் கிணற்றுக் கற்கள். நீங்கள் எழுதியிருக்கும் விவரத்தில் ஒரு வரி எனக்கு முக்கியமாகப் பட்டது: உருண்டைகளின் மேல் ஓடு மாதிரி ஒரு படலம் உரிந்து வருகிறது, உள்ளே கறுப்பாகக் கடினமாக இருக்கிறது. நம் பகுதியில் பழைய நைஸ் பாறையைப் பிளந்துகொண்டு சுவர் போல ஓடும் கறுப்புக் கல் தொடர்கள் நிறைய உண்டு. டோலரைட் என்பது அதன் பெயர், குவாரியில் கறுப்பு கிரானைட் என்று வெட்டி எடுப்பது இதைத்தான். இந்தக் கல் வெடிப்புகள் வழியாகப் பாளம் பாளமாகப் பிரிந்திருக்கும். நிலத்தடி நீர் அந்த வெடிப்புகளில் இறங்கும்போது மூலைகள் முதலில் மக்கும். நாளடைவில் சதுரமான பாளம் உருண்டையாகி, வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரியத் தொடங்கும். நடுவில் மக்காத கல் உருண்டை மிஞ்சும். கிணறு வெட்டும்போது மக்கிய மண்ணுக்கும் கெட்டிப் பாறைக்கும் இடைப்பட்ட ஆழத்தில் இவை வருவது வழக்கம். ஓசூர் முதல் அரூர் வரை எத்தனையோ பேர் இதை முட்டை என்று கொண்டுவந்து காட்டியிருக்கிறார்கள். கல்லைக் கையில் பிடிக்காமல் எழுதுகிறேன் என்றாலும், உங்கள் விவரம் சரியாக இருந்தால் இது டோலரைட் உருண்டை என்றே சொல்வேன். ஒன்றை உடைத்துப் பாருங்கள். உள்ளே வெளியிலிருந்து நடுவரை ஒரே மாதிரியான பொடிமணிக் கறுப்புக் கல்லாக இருந்தால் சந்தேகம் தீர்ந்தது.

வெள்ளைத் துண்டைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன், அதை உடைக்கவும் வேண்டாம். நம் செம்மண்ணுக்கும் கரம்பை மண்ணுக்கும் அடியில் சுண்ணாம்பு படிந்து இறுகிய சுக்காங்கல் உண்டாவது சாதாரணம். மரவேரைச் சுற்றி அது படியும்போது குழாய் வடிவமும் முடிச்சுகளும் வந்து, பார்க்க எலும்பு மாதிரியே இருக்கும். ஒரு ஓரத்தில் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் பெரும்பாலும் சுக்காங்கல். எலும்பாக இருந்தால், உடைந்த முகத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும்போது நுண்துளைகள் ஒரு ஒழுங்கில் தெரியும். அப்படி ஒழுங்காகத் துளைகள் தெரிந்தாலும் அது டைனோசராக இருக்காது. பிற்காலத்து மாடோ, காட்டு விலங்கோ, ஏன், பழைய ஈமக்காட்டைச் சேர்ந்த எலும்போகூட இருக்கலாம். நம் பகுதியில் ஈமச்சின்னங்கள் ஏராளம் என்பதால் இதை நான் எளிதாக ஒதுக்கிவிட மாட்டேன். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து, எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்று எழுதி, கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.

அருங்காட்சியகம் இல்லாவிட்டால் போகட்டும், அரியலூரில் டைனோசர் முட்டை கிடைக்கிறதாமே, அங்கே போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அரியலூர், பெரம்பலூர்ப் பகுதிக்கு அவசியம் போங்கள், ஆனால் டைனோசரைத் தேடிப் போகாதீர்கள், கடலைப் பார்க்கப் போங்கள். டைனோசர்கள் வாழ்ந்த யுகத்தின் கடைசிப் பகுதியான கிரெட்டேசியஸ் காலத்தில், பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி, அங்கே கடல் ஏறியும் இறங்கியும் இருந்தது. பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்குப் போனால் செடிகொடி இல்லாத பழுப்பு நிறக் களிமண் மேடுகள் மழைநீர் அரித்த பள்ளங்களோடு விரிந்து கிடக்கும். குனிந்து பார்த்தால் ஜிப்சம் தகடுகள் வெயிலில் மின்னும், அவற்றுக்கு நடுவே விரல் நீளத்தில் ஒரு முனை கூர்மையாக, வழவழப்பான பழுப்புக் கல் துண்டுகள் கிடக்கும். அவை பெலம்னைட்டுகள், கணவாய் இனத்தைச் சேர்ந்த ஒரு பழைய கடலுயிரின் உள்ளோடு. சுருள் வடிவ அம்மோனைட்டும் அங்கே உண்டு. பாறைத் தொழிலில் ஊறிய எனக்கே அந்த மேட்டில் முதல் முறை நின்றபோது பேச்சு வரவில்லை. கையில் எடுத்துப் பார்க்கலாம், பையில் போட்டுக்கொண்டு வரக் கூடாது. எடுத்த இடத்தை விட்டுப் பிரிந்தால் அதன் மதிப்பில் பாதி போய்விடும், தவிர ஒவ்வொருவரும் ஒன்று எடுத்தால் அடுத்த பிள்ளைக்கு ஒன்றும் இருக்காது. அரியலூருக்குப் பக்கத்தில் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் ஒன்றும் இருக்கிறது. காரைக்குப் போகும் முன் அதைப் பார்த்துவிட்டால், களத்தில் எதைத் தேடுவது என்று பிள்ளையின் கண் பழகிவிடும்.

அதே பயணத்தில் சாத்தனூர் கல்மரத்தைப் பார்த்துவிடுங்கள். 1940-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது, 18 மீட்டர் நீளம். கடலுக்கு அடித்து வரப்பட்ட மரம் சேற்றில் புதைந்து, அதன் உடலுக்குள் சிலிக்கா புகுந்து கல்லானது. இங்கே நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: வண்டிக்காரரிடம் வெறுமனே ‘சாத்தனூர்’ என்று சொன்னால் செங்கம் வழியாகத் தென்பெண்ணையின் சாத்தனூர் அணைக்குக் கொண்டுபோய் விடுவார். அது திருவண்ணாமலை மாவட்டம், இது பெரம்பலூர் மாவட்டம். தருமபுரியிலிருந்து சேலம், ஆத்தூர் வழியாகப் பெரம்பலூருக்கு ஏறக்குறைய 190 கிலோமீட்டர் வரும், அங்கிருந்து இன்னும் உள்ளே போக வேண்டும். (அணைக்கே போய்ச் சேர்ந்துவிட்டாலும் நேரம் வீணில்லை. அங்கே முதலைப் பண்ணை இருக்கிறது. பறவைகளை விட்டால், இன்று உயிரோடு இருப்பவற்றில் டைனோசருக்கு நெருங்கிய உறவு முதலைதான்.)

முட்டைச் செய்திகளுக்கு வருகிறேன். இரண்டு செய்திகள் ஒன்றாகக் கலந்து பரவுகின்றன. 2009-ல் சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் குழு, செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைக் கூட்டங்களைக் கண்டதாக அறிவித்தது. 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் முட்டைகள் கிடைத்ததாகப் படங்கள் பரவின. குன்னத்துக் கதை முடிந்துவிட்டது: அவை அம்மோனைட் போன்ற கடலுயிரின் எச்சத்தைச் சுற்றிப் படிவு உருண்டையாக இறுகியவை, முட்டை அல்ல என்று நிலவியலாளர்கள் தெளிவுபடுத்திவிட்டார்கள். செந்துறைச் செய்தியை நான் இன்னும் சந்தேகப் பட்டியலில்தான் வைத்திருக்கிறேன். உருண்டை வடிவம் மட்டும் போதாது, முட்டை ஓட்டின் நுண்ணமைப்பு நுண்ணோக்கியில் தெரிய வேண்டும். நம் நாட்டில் அப்படி ஐயமறத் தெரிந்த முட்டைகள் குஜராத்திலும் நர்மதைப் பள்ளத்தாக்கிலும் கிடைத்திருக்கின்றன.

ஆனால் அரியலூரில் டைனோசர் எலும்பு கிடைத்தது உண்மை. கல்லமேடு என்னும் இடத்தில், டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டத்துப் படிவுகளில், பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே எலும்புகள் கண்ணில் பட்டு வந்திருக்கின்றன. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பி. யாதகிரியும் கே. அய்யாசாமியும் அங்கே கிடைத்த மிகப்பெரிய எலும்புகளுக்கு 1987-ல் புரூஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். கெண்டைக்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் என்றது அந்தக் குறிப்பு. உலகில் நிலத்தில் நடந்த விலங்குகளிலேயே இதுதான் பெரியதோ என்று இன்றுவரை விவாதம் நடக்கிறது, எடை நூறு டன்னுக்கு மேல் என்று கணக்குப் போட்டவர்களும் உண்டு. உங்கள் மகளை அதன் முன்னால் நிறுத்திப் படம் எடுக்க எனக்கும் ஆசைதான். எலும்பு இல்லை. மழைக்காலத்து ஈரத்தில் அந்தக் களிமண்ணும் எலும்பும் ஊதி, நொறுங்கி, பொடிந்து போயின. 2022-ல் அய்யாசாமியும் இன்னொரு ஆய்வாளரும் பழைய புகைப்படங்களை வெளியிட்ட பிறகுதான் அப்படி ஒரு எலும்பு இருந்ததையே பலர் நம்பினார்கள். புகைப்படத்தை வைத்து எடை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மிகப் பெரிய நீள்கழுத்து டைனோசர் ஒன்று அரியலூரில் வாழ்ந்தது என்பதோடு நான் நிறுத்திக்கொள்வேன். அதே பகுதியில் 1979-ல் இதே இருவர் பெயரிட்ட திராவிடோசாரஸ் இன்னும் சிக்கலானது. முதுகில் தகடுகள் கொண்ட ஸ்டீகோசார் இனம் என்றார்கள் அவர்கள். 1996-ல் வேறு இருவர் அது கடலில் வாழ்ந்த பிளீசியோசார், டைனோசரே இல்லை என்றார்கள். 2017-ல் மறுபடி ஸ்டீகோசார் என்று ஒரு கட்டுரை வந்தது. கண்டெடுத்த துண்டுகள் அவ்வளவு குறைவு.

எலும்பு கிடைப்பது அரிது, கிடைத்ததைக் காப்பாற்றுவது அதைவிடக் கடினம் என்பதற்கு நம் நாட்டில் வேறு சான்றுகளும் உண்டு. 1828-ல் ஜபல்பூரில் ஸ்லீமன் என்ற ஆங்கிலேய அதிகாரி கண்டெடுத்த எலும்புகள்தான் ஆசியாவிலேயே முதலில் கிடைத்த டைனோசர் எலும்புகள். டைனோசர் என்ற பெயரே 1842-ல்தான் வந்தது. 1877-ல் டைட்டனோசாரஸ் என்று பெயர் வைக்கப்பட்ட அந்த எலும்பு பிறகு எங்கே போனது என்றே தெரியாமல் கிடந்து, 2012-ல் கொல்கத்தாவில் நிலவியல் ஆய்வுத் துறையின் சேகரிப்புக்குள்ளேயே மீண்டும் அடையாளம் காணப்பட்டது. டெல்லியில் இருந்த தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2016 ஏப்ரலில் தீப்பிடித்து எரிந்தபோது, அங்கே இருந்த டைனோசர் தொடை எலும்பும் அந்தக் கட்டடத்தோடு போனது. அதனால்தான் சொல்கிறேன், உண்மையான எலும்பு முழு உருவமாக நிற்கும் இடம் ஒன்று எட்டும் தூரத்தில் இருக்கும்போது செலவுக்கு அஞ்சாமல் ஒரு முறை போய்விட வேண்டும்.

அந்த இடம் ஹைதராபாத். உங்களுக்கு மிக அருகில் பெங்களூரு இருக்கிறது, கஸ்தூர்பா சாலையில் உள்ள விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் அசைந்து உறுமும் டைனோசர் உருவம் உண்டு. பிள்ளைக்குப் பிடிக்கும், காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். ஆனால் அது இயந்திரம், எலும்பு அல்ல. எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கியது, தமிழ்நாட்டில் இயற்கை வரலாற்றுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. நிலவியல் கூடத்தையும் திமிங்கல எலும்புக்கூட்டையும் பார்க்கவே ஒரு நாள் போதாது. கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பாரபாசாரஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூடு நிற்கிறது, உலக அளவில் பேர் பெற்றது, ஆனால் பிள்ளையோடு போக நமக்கு வெகு தூரம். (அது போச்சம்பள்ளியில் கிடைத்தது என்று படித்துவிட்டு நம் போச்சம்பள்ளிக்கு யாரும் கிளம்ப வேண்டாம். இது மகாராஷ்டிர எல்லையில், சிரோஞ்சாவுக்குத் தெற்கே உள்ள வேறு ஊர்.) ஹைதராபாத்தில் பிர்லா மந்திருக்குப் பக்கத்தில், நௌபத் பஹாட் குன்றின்மேல் பிர்லா அறிவியல் மையம் இருக்கிறது. அதற்குள் 2000-ல் திறந்த டைனோசர் கூடத்தில் கோட்டாசாரஸ் என்ற நீள்கழுத்து டைனோசரின் எலும்புக்கூடு நிற்கிறது. தெலங்கானாவின் பழைய அடிலாபாத் மாவட்டத்தில் யாமன்பள்ளி என்ற ஊர் அருகே 1970-களில் தோண்டி எடுத்தது. அதற்கு 1988-ல் பெயர் வைத்தவர், அரியலூர்க் கதையில் வந்த அதே யாதகிரிதான்.

இனி உங்கள் கணவரின் கேள்வி. அவர் சொல்வதில் பாதி சரி. உலகின் பெரிய அருங்காட்சியகங்களில் நிற்கும் பல எலும்புக்கூடுகள் வார்ப்புகள்தான். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு 1905-ல் வந்து, நூறு ஆண்டுகளுக்கு மேல் மக்கள் மொய்த்துப் பார்த்த டிப்ளோடோகஸ் முழுக்க முழுக்கப் பிளாஸ்டர். அசல் எலும்பு அமெரிக்காவில் இருந்தது. சிகாகோவில் ‘சூ’ என்னும் டைரனோசாரஸ் அசல் எலும்புதான், ஆனால் மண்டையோடு மிகக் கனம் என்பதால் உடலில் வார்ப்புத் தலையைப் பொருத்திவிட்டு, அசல் தலையைத் தனிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். இதில் ஏமாற்று ஒன்றுமில்லை. வார்ப்பு அசலின் அச்சு, ஒவ்வொரு மேடும் பள்ளமும் அதில் இருக்கும். ஆய்வாளர் அசலை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும், கல்லான எலும்பின் கனத்தை எல்லாச் சட்டமும் தாங்காது. எது அசல், எது வார்ப்பு என்று அட்டையில் எழுதி வைக்காவிட்டால்தான் தவறு. எழுதவில்லை என்றால் அங்கே பணியில் இருப்பவரிடம் கேளுங்கள், கேட்பது நம் உரிமை.

கண்ணாலும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். அசல் எலும்பில் நிறம் ஒரே சீராக இருக்காது, வெடிப்புகளும் அடைத்த ஒட்டுகளும் தெரியும். அழுத்தத்தில் நசுங்கியிருப்பதால் இடது கால் எலும்பும் வலது கால் எலும்பும் அச்சாக ஒன்றுபோல் இருக்காது. கனமான அசலை வெளியிலிருந்து இரும்புச் சட்டம் தாங்கும், இலேசான வார்ப்பில் கம்பியை உள்ளேயே செருகிவிடுவார்கள். கோட்டாசாரஸுக்கு இன்னொரு செய்தியும் உண்டு, இதைப் பிள்ளையிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது ஒரே விலங்கின் எலும்புக்கூடு அல்ல. அந்த இடத்தில் குறைந்தது 12 விலங்குகளின் எலும்புத் துண்டுகள், மொத்தம் 840 வரை, கலந்து கிடைத்தன. அவற்றிலிருந்து சேர்த்துத்தான் ஓர் உருவத்தை நிறுத்தியிருக்கிறார்கள். தலை கிடைக்கவில்லை, பற்கள் மட்டும் சில கிடைத்தன. ஆகவே நீங்கள் அங்கே பார்க்கும் தலை, உறவுள்ள மற்ற டைனோசர்களைப் பார்த்து ஊகித்தது. நீளம்கூட நூலுக்கு நூல் மாறும்: சிலர் 9 மீட்டர் என்பார்கள், அருங்காட்சியகம் 44 அடி என்று சொல்லிவருகிறது. பல விலங்குகளின் எலும்பைக் கோத்து நிறுத்தினால் இந்த வேறுபாடு வரத்தான் செய்யும். வயதும் அப்படியே: முன்பு 16 கோடி ஆண்டு என்றார்கள், இப்போது ஜுராசிக் தொடக்க காலம், 18 கோடியை ஒட்டி என்று வைக்கிறார்கள். இவ்வளவும் தெரிந்த பிறகு அந்த எலும்புக்கூட்டின் மதிப்பு குறையும் என்று உங்கள் கணவர் நினைக்கலாம். மாணவர்களிடம் நான் பார்த்தது நேர்மாறானது. ‘தலை ஊகம், தொடை நிஜம்’ என்று சொன்னவுடன் பிள்ளைகள் எலும்பை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்குகிறார்கள், அதுவரை படம்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

போவதற்கு முன் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை கோழி வாங்கும்போது, இடுப்புப் பகுதியைத் துண்டு போடாமல் முழுதாகத் தரச் சொல்லுங்கள். நன்றாக வேகவைத்து, சதையை எடுத்துவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் காயவையுங்கள். தொடையெலும்பின் பந்து பொருந்தும் இடத்தைப் பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். நமக்கு அந்த இடம் அடைபட்ட குழி. கோழிக்கு அது ஓட்டை, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியும். டைனோசர்களை மற்ற ஊர்வனவற்றிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளங்களில் ஒன்று இடுப்பில் உள்ள இந்த ஓட்டைதான், பறவைகள் டைனோசர் வழி வந்தவை என்பதால் கோழிக்கும் அது இருக்கிறது. பறவைகளுக்கும் டைனோசர்களுக்கும் உள்ள இந்த உறவை இன்று ஆய்வாளர்கள் ஏறக்குறைய அனைவரும் ஏற்கிறார்கள். பிறகு ஹைதராபாத்தில், கோட்டாசாரஸின் இடுப்பும் தொடையும் சேரும் இடத்தைத் தேடும்படி அவளிடம் சொல்லுங்கள். தேட ஒன்று கையில் இருந்தால் பிள்ளை அந்தக் கூடத்தில் அரை மணி நேரம் நிற்பாள், இல்லாவிட்டால் ஐந்து நிமிடத்தில் ஐஸ்கிரீம் கேட்பாள். ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து ஒரே ஒரு எலும்பை வரையச் சொல்லுங்கள். முழு உருவத்தை வரையச் சொன்னால் புத்தகத்தில் பார்த்ததைத்தான் வரைவாள்.

பயணத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். உங்கள் பக்கத்து நெடுஞ்சாலை 44-தான் பெங்களூரு, அனந்தப்பூர், கர்நூல் வழியாக நேராக ஹைதராபாத் போகிறது, ஆனால் ஏறக்குறைய 700 கிலோமீட்டர் காரில் போவது சிறு பிள்ளைக்குச் சிரமம். பெங்களூரு போய் அங்கிருந்து காச்சிகுடாவுக்கு இரவு ரயில் பிடிப்பது நல்லது. கோடை விடுமுறையில் அங்கே வெயில் தாங்காது, அரையாண்டு விடுமுறையே பொருத்தம். அரியலூர், காரைப் பயணத்தை அதிலிருந்து பிரித்து, மழை நின்ற பிறகு ஜனவரியில் ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். களிமண் ஈரமாக இருக்கும்போது அந்த மேட்டில் கால் வைக்க முடியாது, அங்கே நிழலும் கிடையாது, தண்ணீர் நிறைய எடுத்துப் போங்கள். எழும்பூருக்குப் போவதானால் வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற இடங்களுக்கும் கிளம்பும் முன் தொலைபேசியில் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், டைனோசர் கூடம் அன்று திறந்திருக்குமா என்று தனியாகக் கேளுங்கள். பராமரிப்புக்காக ஒரு கூடத்தை மட்டும் பூட்டி வைப்பது அருங்காட்சியகங்களில் அடிக்கடி நடக்கிறது.